ஒரு தட்டில் எத்தனை உப்பு?

"உப்பைக் குறைச்சுக்குங்க" என்று டாக்டர் சொல்லக் கேட்காத வயதானவர் நம் ஊரில் அநேகமாக இருக்க மாட்டார். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வரும்போதே அடுத்த கேள்வி வந்துவிடும். எவ்வளவு குறைக்க வேண்டும், எதில் குறைக்க வேண்டும்? அதைச் சொல்ல அங்கே நேரம் இருப்பதில்லை, வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்ன செய்கிறோம்? சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்பு டப்பாவை எடுத்து உள்ளே வைக்கிறோம். அல்லது அந்த ஒருவருக்கு மட்டும் உப்பே இல்லாமல் தனியாகச் சமைக்கிறோம். முதலாவது போதாது. இரண்டாவது சில சமயம் கெடுதலிலேயே போய் முடியும்.

என் அம்மாவுக்கு 72 வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையல். பதினைந்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கும் பெண் ஒவ்வொரு முறையும் கருவியைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இன்னும் 150க்கு மேலயே நிக்குது. உப்பைக் குறைச்சீங்களா?" என்று கேட்பார். "நான் எங்கம்மா உப்புப் போட்டுக்கறேன்? தட்டுல தனியா வச்சுக்கறதே இல்லையே" என்பார் அம்மா. அவர் சொன்னது உண்மைதான். தட்டோரத்தில் உப்பு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார். அப்புறம் அந்த உப்பு எங்கிருந்து வருகிறது? அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஸ்பூன் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் அதே 5 கிராமைத்தான் எல்லையாக வைக்கிறது. மட்டமாக வழித்த ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை இட்லியிலிருந்து ராத்திரி மோர் வரை எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். நாம் சராசரியாகச் சாப்பிடுவதோ சுமார் 8 கிராம். இது இந்திய அளவில் எடுத்த கணக்கு. ஆண்கள் பெண்களைவிடக் கொஞ்சம் கூடவே சாப்பிடுகிறார்கள்.

உப்பு, சோடியம் என்று இரண்டு சொல் புழங்குவதால் பலருக்குக் குழப்பம். உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம், மீதி குளோரைடு. பிரஷரை ஏற்றுவதில் முக்கியப் பங்கு சோடியத்துக்கு. 5 கிராம் உப்பு என்றால் 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் சோடியம். கடையில் வாங்கும் பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்றுதான் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரும்பாலும் 100 கிராமுக்கு எவ்வளவு என்றுதான் போட்டிருக்கும், பாக்கெட் எத்தனை கிராம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சோடியம் உப்பின் வடிவத்தில் மட்டும் வருவதில்லை. சமையல் சோடாவில் உண்டு, அஜினமோட்டோவில் உண்டு, அப்பள மாவில் போடும் அப்பளக்காரத்தில் உண்டு. வயிறு உப்புசமாக இருக்கிறது என்று தண்ணீரில் போட்டுக் குடிக்கிறோமே, அந்தப் பொங்கும் பொடியிலும் நிறையவே உண்டு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரை மாத்திரைகளும் அப்படித்தான். தினம் அதைக் குடிப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

வயதானால் உப்பு ஏன் கூடுதலாகத் தாக்குகிறது

சோடியம் போகும் இடத்துக்குத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் சோடியம் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. கூடுதல் சோடியத்தைச் சிறுநீரகம் சிறுநீரில் வெளியே தள்ளிவிட்டால் பழையபடி ஆகிவிடும். இளவயதில் இது சிரமமில்லாமல் நடக்கும். ஆடி மாதக் கூழோடு கருவாட்டை ஒரு கை பார்த்தாலும் உடம்பு சமாளித்துவிடும்.

வயது ஏற ஏற இரண்டு இடத்தில் தளர்ச்சி வருகிறது. சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. ரத்தக் குழாயும் விறைத்துப் போகிறது. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வாங்கியபோது தண்ணீர் வேகமாக வந்தால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். நாலு வருஷம் வெயிலில் கிடந்த பிறகு விரியாது, அழுத்தத்தை அப்படியே வாங்கும். வயதானவர்களுக்குப் பிரஷரின் மேல் எண் மட்டும் 160, 170 என்று ஏறி நிற்பதற்கு இந்த விறைப்பு ஒரு முக்கியக் காரணம்.

"வயசானா பிரஷர் ஏறத்தானே செய்யும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். 1988இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. அதில் பிரேசில் காட்டில் வாழும் யானோமாமி மக்களும் இருந்தார்கள். உணவில் உப்பு சேர்க்கும் வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. அவர்களிடம் வயது ஏறினாலும் பிரஷர் ஏறவில்லை. அவர்கள் வாழ்க்கை எல்லா விதத்திலும் நம்முடையதிலிருந்து வேறு, ஆகவே உப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயதோடு பிரஷர் ஏறியே தீரும் என்று ஒரு விதி இல்லை என்பது அதில் தெரிகிறது.

பிரஷரோடு இது நிற்பதுமில்லை. மாலையில் கால் வீங்குவதும் மூச்சு வாங்குவதும் ஏற்கெனவே இதயத் தொந்தரவு உள்ளவர்களுக்கு உப்பால் மோசமாகும். ராத்திரி இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கும் தொந்தரவுக்கும் உப்புக்கும்கூடத் தொடர்பு இருக்கிறது. ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017இல் சொன்ன விஷயம் இது. நாளைக்கு 10.7 கிராம் உப்பு சாப்பிட்டவர்கள் 8 கிராமாகக் குறைத்ததும், ராத்திரி எழுந்திருப்பது சராசரியாக 2.3 முறையிலிருந்து 1.4 முறையாகக் குறைந்தது. அம்மாவை மசிய வைத்தது இந்த ஒரு செய்திதான். பக்கவாதம், மாரடைப்பு என்று பயமுறுத்தியதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. "ராத்திரி நல்லாத் தூங்கலாம்னா சரி, குறைச்சுப் பார்ப்போம்" என்றார். இருட்டில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதனால் அவர் கேட்டது சின்ன விஷயம் இல்லை.

நாக்கு மாறுவது தெரியாது

அடுத்தது பெரும்பாலோர் யோசிக்காத ஒன்று. வயதானால் சுவையும் வாசனையும் மங்குகின்றன. சில மாத்திரைகள் வாயை உலர்த்திவிடும். பல்செட் மேல் அண்ணத்தை மூடிவிட்டால் சாப்பாட்டின் ருசி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். பத்து வருஷத்துக்கு முன்னால் போதுமாக இருந்த உப்பு இப்போது சப்பென்று இருக்கும். நம் வீடுகளில் பல இடங்களில் சமைப்பவரும் அந்த வயதானவர்தான். கைப்பக்குவம்தான் அளவு, நாக்குதான் தராசு. அந்தத் தராசு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தால் குடும்பத்தின் உப்பே கூடவே ஏறும், யாருக்கும் தெரியாது. தினம் அதையே சாப்பிடுவதால் மற்றவர்கள் நாக்கும் பழகிவிடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதி எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர். ஒரு கிலோ உப்பு 25 நாளில் தீர்ந்தது. கணக்குப் போட்டால் ஆளுக்கு நாளைக்கு 13 கிராமுக்கு மேல் வந்தது. மீன் கழுவுவதற்கும் காயைத் தண்ணீரில் போட்டு அலசுவதற்கும் கொஞ்சம் போயிருக்கும், எல்லாம் வயிற்றுக்குள் போகவில்லை. ஆனால் வெளியே சாப்பிட்டது இந்தக் கணக்கில் சேரவும் இல்லை. மேலை நாடுகளில் பெரும்பங்கு உப்பு பாக்கெட் உணவிலும் கடைச் சாப்பாட்டிலும் வருகிறது. நமக்கு இன்னும் பெரும்பகுதி வீட்டு அடுப்பில்தான் சேர்கிறது. ஒரு வகையில் இது நல்ல செய்தி, சாவி நம் கையிலேயே இருக்கிறது.

ஒரு நாள் காலை சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவின் தட்டைக் கணக்கெடுத்தேன். நாற்பது இட்லிக்கு வரும் மாவில் அம்மா போட்ட கல்லுப்பு 12 கிராம். நாலு இட்லிக்கு 1.2 கிராம். ஆறு பங்காகப் போகும் சாம்பாரில் 8 கிராம், ஆக ஒரு பங்குக்கு 1.3. தேங்காய்ச் சட்னியில் ஏறக்குறைய அரை கிராம். இட்லிப் பொடியைச் சேர்க்காமலே 3 கிராம் ஆகிவிட்டது. அன்றைய அளவில் பாதிக்கு மேல் காலை ஒன்பது மணிக்கே முடிந்தது.

மத்தியானச் சாப்பாட்டில் சோற்றில் உப்பில்லை. வெறும் சோறு வடிக்கும் நம் வழக்கம் எவ்வளவு நல்லது என்று அன்றுதான் உறைத்தது. ஆனால் வற்றல் குழம்பு, ரசம், பொரியல், அப்பளம், தயிர் சாதம், மாவடு என்று ஆறு இடத்தில் உப்பு இருந்தது. குறிப்பாகக் கடைசி இரண்டு. அம்மா மாவடுவின் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஒரு கடி கடிப்பார். பிறகு ஜாடியைச் சாய்த்து, அந்தச் சிவந்த காரத் தண்ணீரை ஒரு சின்னக் கரண்டி தயிர் சாதத்தின் நடுவே குழி பண்ணி விட்டுக்கொள்வார். மாவடு ஊறுவதே கல்லுப்பில்தான், அந்தத் தண்ணீர் முழுக்க உப்புக் கரைசல். அவர் கண்ணுக்கு அது உப்பாகத் தெரியவில்லை, மாவடுத் தண்ணீராகத்தான் தெரிந்தது. தட்டில் உப்பு வைத்துக்கொள்வதில்லை என்று அவர் மனதாரச் சொன்னதன் அர்த்தம் அப்போது புரிந்தது.

சுண்ட வைத்த குழம்பையும் சொல்ல வேண்டும். மிஞ்சிய குழம்பை மறுநாள் சுட வைக்கும்போது தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. குழம்பு சுண்டச் சுண்ட ஒரு கரண்டியில் இருக்கும் உப்பு கூடிக்கொண்டே போகும். தனியாக இருக்கும் முதியவர்கள் ஒரு வேளை சமைத்து இரண்டு மூன்று வேளைக்கு வைத்துக்கொள்வார்கள். காய் நறுக்க முடியாத நாளில் ரசஞ்சாதமும் ஊறுகாயும், பல் இல்லாதவர்களுக்கு டீயில் நனைத்த ரஸ்க்கும் பிஸ்கட்டும் பன்னும். அவர்களிடம் உப்பைக் குறையுங்கள் என்று சொல்வதைவிட, வாரம் நாலு நாள் வேகவைத்த காய் அவர்கள் தட்டுக்கு வர என்ன வழி என்று யோசிப்பதுதான் உண்மையான உதவி.

எப்படிக் குறைப்பது

ஒரே நாளில் பாதியாக்கினால் யாராலும் சாப்பிட முடியாது. நாக்கு பழக வேண்டும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். நாங்கள் செய்தது இதுதான். உப்பு ஜாடிக்குள் ஒரு குறிப்பிட்ட ஸ்பூனைப் போட்டு வைத்தோம், கையால் அள்ளுவதை நிறுத்தினோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு சிட்டிகை குறைத்தோம். தனித்தனியாக யாருக்கும் சமைக்கவில்லை, எல்லாருக்கும் அதே சமையல். எனக்கும் வயது 45 ஆகிறது, எனக்கும் இது நல்லதுதான்.

தனிச் சமையல் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி மட்டும் இல்லை. மற்றவர்கள் மணக்க மணக்கச் சாப்பிடும்போது தனக்கு மட்டும் சப்பென்று ஒரு கிண்ணம் வந்தால், வயதானவர் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். "பசிக்கலைம்மா, போதும்" என்று எழுந்துவிடுவார். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வார். இரண்டு மாதத்தில் உடம்பு இளைத்து, நடை தளர்ந்து போகும். எழுபதுக்கு மேல் உடம்பின் எடையும் தசையும் கரைவது பிரஷருக்கு நிகரான ஆபத்து. சாப்பாட்டின் மேல் ஆசை போய்விடாமல் உப்பை இறக்குவதுதான் இதில் இருக்கும் திறமை.

புளிப்பும் வாசனையும் உப்பின் இடத்தைக் கொஞ்சம் நிரப்பும். பொரியலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியலாம். ரசத்தில் மிளகும் சீரகமும் கொஞ்சம் தூக்கலாக, அன்றன்றைக்கு இடித்துப் போட்டால் உப்புக் குறைவு தெரியாது. மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், பெருங்காயம் தட்டிப் போட்டு, உப்பை அடியோடு விட்டுவிடலாம். எங்கள் வீட்டில் முதலில் போனது மோரின் உப்புதான், யாரும் கேட்கவில்லை. பொரியலுக்குக் காய் வேகும்போது உப்புப் போடாமல் இறக்கும் சமயம் தூவினால், குறைந்த உப்பிலேயே நாக்கில் படும். மாங்காய், நெல்லிக்காய், தக்காளி கிடைக்கும் காலத்தில் சட்னி துவையலுக்குப் பாதி உப்பு போதும். கருவாடு இல்லாமல் முடியாது என்பவர்கள் வெந்நீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வைக்கலாம். அதுவும் எப்போதாவது.

அப்பளம், வடகம், மோர்மிளகாய் மூன்றையும் பொரித்தாலும் சுட்டாலும் உப்பு அப்படியேதான் இருக்கும். சுட்டால் எண்ணெய் மட்டும்தான் மிச்சம். அதனால் தினம் என்பதை வாரம் ஒரு நாள் ஆக்கினோம். மாவடுவை அம்மாவிடமிருந்து பிடுங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள், ஆளுக்கு ஒன்று, தண்ணீர் கிடையாது.

நாலு மாதத்தில் ஒரு கிலோ பாக்கெட் 40 நாள் வந்தது. ஆளுக்கு 8 கிராம் சொச்சம். இன்னும் 5க்கு வரவில்லை, ஆனால் பிரஷர் உள்ளவர்கள் இந்த நாலைந்து கிராமைக் குறைத்தாலே மேல் எண் சராசரியாக 5 புள்ளி அளவுக்கு இறங்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அம்மா சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னடி இப்படிக் கரிக்குது" என்று என் பக்கம் திரும்பினார். பக்கத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்துப்பு, குறைந்த சோடிய உப்பு

இந்துப்பு நல்லது என்று பலரும் மாறியிருக்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். கூடவே அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால் அதையும் இழக்கிறோம். கல்லுப்பு, தூளுப்பு எதுவானாலும் எடைக்கு எடை பிரஷருக்கு வித்தியாசம் இல்லை.

குறைந்த சோடிய உப்பு வேறு கதை. அதில் சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் சுமார் ஐந்து வருஷம் இதைப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிப் பிரஷர் சரியாகக் கட்டுப்படாதவர்கள். சாதா உப்புக்குப் பதில் இதைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. முடிவு 2021இல் வெளியானது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் வீட்டுச் சமையலுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. அவர்கள் உடம்பில் பொட்டாசியம் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். டெல்மிசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. நம் ஊரில் நிறைய முதியவர்கள் இவற்றில் ஒன்றையாவது சாப்பிடுகிறார்கள். அதனால் டாக்டரைக் கேட்காமல், ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்காமல் அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள்.

"சோடியம் குறைஞ்சுடுச்சு" என்றால்

இது ரொம்பவே குழப்பும் இடம். வயதானவர் திடீரென்று தடுமாறுகிறார், மாற்றி மாற்றிப் பேசுகிறார், சோர்ந்து படுத்துவிடுகிறார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு "சோடியம் குறைந்துவிட்டது" என்கிறார்கள். சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 120க்கு வந்திருக்கும். உடனே வீட்டில், உப்பைக் குறைத்ததால்தான் இப்படி ஆனது என்று முடிவு கட்டி, எல்லாவற்றிலும் உப்பைக் கொட்ட ஆரம்பிப்பார்கள்.

பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். சிறுநீரை அதிகம் பிரிக்கும் பிரஷர் மாத்திரைகள் சில, ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்றவை, வயதானவர்களுக்கு இப்படிச் செய்யும். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளும் செய்யும். உடம்பில் தண்ணீர் அதிகமாகத் தேங்கினாலும், வாந்தி பேதியானாலும் வரும். ரத்தத்தில் சோடியம் குறைவது என்பது அநேகமாகத் தண்ணீருக்கும் சோடியத்துக்கும் உள்ள விகிதம் கெட்டுப்போவது, சாப்பாட்டில் உப்புப் பற்றாமல் போவது அபூர்வம். அதனால் காரணத்தை டாக்டர்தான் பார்த்து, மாத்திரையை மாற்ற வேண்டுமா, தண்ணீரைக் குறைக்க வேண்டுமா என்று சொல்ல வேண்டும். அவர் உப்பைக் கூட்டச் சொன்னால் கூட்டுங்கள். அவர் சொல்லாமல் நாமாகச் செய்ய வேண்டாம். உப்பை முற்றிலும் நிறுத்துவதும் அதே போலத் தவறு. 5 கிராம் என்பது எட்ட வேண்டிய அளவு, பூஜ்யத்தை யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. உப்புக் குறையும்போது அதே மாத்திரை கொஞ்சம் பலமாக வேலை செய்ய ஆரம்பிக்கலாம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், தலை சுற்றினால், அதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அவர் குறைப்பார். பிரஷர் இறங்கிவிட்டது என்று நாமே நிறுத்திவிடக் கூடாது. போன மாதம் அம்மாவுக்கு 138 இருந்தது. டாக்டர் மாத்திரையை அப்படியே தொடரச் சொல்லியிருக்கிறார், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.